ரோமானியக் குத்தீட்டி: எந்த நீளம், எந்தப் பிடி?

ரோமானியக் குடியரசுக் காலத்தில் டிரியாரி எனப்பட்ட மூன்றாம் வரிசைக் காலாள் ஒருவனுடைய ஈட்டியை மீண்டும் செய்து பார்க்கவோ, அவனைச் சரியாக வரைந்து காட்டவோ முனைபவர் தொடக்கத்திலேயே இரண்டு முடிவுகளை எடுத்தாக வேண்டும். ஈட்டியின் நீளம் எவ்வளவு என்பது ஒன்று. அதைத் தோளுக்கு மேலே பிடிப்பதா, இடுப்பருகே பிடிப்பதா, இரு கைகளாலும் பிடிப்பதா என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் தனித்தனியாக முடிவு செய்வதுதான் பலரும் செய்வது. நீளத்தை ஒரு நூலிலிருந்தும் பிடியை ஒரு சிற்பத்திலிருந்தும் எடுத்து ஒட்டுகிறார்கள். இந்த முறை பயன் தராது என்பது என் உறுதியான கருத்து. நீளமும் பிடியும் ஒன்றையொன்று கட்டுப்படுத்துகின்றன. அவை இரண்டையும் இடக்கையில் இருக்கும் கேடயமும், வரிசையில் பக்கத்திலும் பின்னாலும் நிற்பவனும், தண்டின் அடியில் இருக்கும் பூணும் கட்டுப்படுத்துகின்றன. ஆகவே இங்கே ஒப்பிடப்போவது வெறும் நீளங்களை அல்ல, மூன்று முழு ஏற்பாடுகளை: ஒரு கையில் பிடிக்கும் 1.8 முதல் 2 மீட்டர் வரையிலான குட்டை ஈட்டி. ஒரு கையில் பிடிக்கும் 2.3 முதல் 2.5 மீட்டர் வரையிலான நடுத்தர ஈட்டி. இரு கைகளால் பிடிக்கும் 3.5 மீட்டரும் அதற்கு மேலும் நீண்ட ஈட்டி.

ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளும் வீரன் கி.மு. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் விவரிக்கும் படையைச் சேர்ந்தவன். அதில் லெகியன் என்னும் படைப்பிரிவு ஒன்றில் 4,200 காலாட்கள் இருந்தால் அவர்களில் 600 பேர் டிரியாரிகள். வயதில் மூத்தவர்கள், மூன்றாம் வரிசையில் நிற்பவர்கள். முன்வரிசைகளான ஹஸ்தாத்தியும் பிரின்சிப்பேஸும் பிலும் என்னும் கனத்த எறிவேலைச் சுமக்க, டிரியாரிகள் மட்டும் அதற்குப் பதிலாகக் குத்துவதற்கான ஹஸ்தாவைச் சுமந்தனர். பொலிபியஸ் இலகுவான முன்னணி வீரர்களின் சிறு எறிவேலுக்குத் தண்டு 2 முழம், தடிமன் ஒரு விரல், முனை ஒரு சாண் என்று அளவு சொல்கிறார். பிலுமுக்குத் தண்டு 3 முழம், இரும்பும் அதே நீளம் என்கிறார். குத்தீட்டிக்கு மட்டும் அவர் அளவே தரவில்லை. மரத்தண்டுகள் மட்கிப்போய் இரும்பு முனைகளும் பூண்களும் மட்டுமே பெரும்பாலும் எஞ்சியுள்ளன. கல்லறைகளில் முனை கிடக்கும் இடத்துக்கும் பூண் கிடக்கும் இடத்துக்கும் உள்ள தொலைவைக் கொண்டும், சிற்பங்களில் வீரனின் உயரத்தோடு ஒப்பிட்டும் நீளத்தைக் கணிக்க வேண்டியுள்ளது. எனவே ஒரே ஓர் எண்ணைக் காட்டி இதுதான் ஹஸ்தாவின் நீளம் என்று சொல்பவரை நம்ப வேண்டியதில்லை. எந்த நீளம் அந்த வீரனின் வேலைக்குப் பொருந்தியது என்று கேட்பதே சரியான வழி.

நீண்ட ஈட்டியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் அதை விலக்குவது எளிது. மாசிடோனியரின் சரிசா என்னும் இரு கை ஈட்டியைப் பற்றிப் பொலிபியஸ் தரும் கணக்கு மிகத் தெளிவானது. முதலில் 16 முழமாகத் திட்டமிடப்பட்ட அது நடைமுறையில் 14 முழம். அதில் 4 முழம் இரு கைகளுக்கு இடைப்பட்ட தொலைவுக்கும் பின்பக்க எடைக்கும் போக, 10 முழம் வீரனுக்கு முன்னால் நீள்கிறது. அதனால் முன்வரிசை வீரனுக்கு முன்னே ஐந்து வரிசைகளின் முனைகள் நிற்கின்றன. மாசிடோனிய வீரன் இதைச் செய்ய முடிந்ததற்குக் காரணம் அவனுடைய கேடயம் சிறியது. அதைக் கழுத்துவாரில் தொங்கவிட்டு முன்கையில் மாட்டிக்கொண்டால் இடது கைவிரல்கள் தண்டைப் பிடிக்க விடுபடும். ஸ்கூட்டும் எனப்படும் ரோமானியனின் பெரிய கேடயம் அப்படிப்பட்டதன்று. பொலிபியஸ் அதற்கு அகலம் இரண்டரை அடி, உயரம் 4 அடி என்கிறார். எகிப்தின் ஃபாயூம் பகுதியில் கஸ்ர் எல்-ஹரித்தில் கிடைத்த கேடயம் 1.28 மீட்டர் உயரமும் 63.5 சென்டிமீட்டர் அகலமும் கொண்டது. அதன் நடுவில் கிடைமட்டமாக ஒரு கைப்பிடி உண்டு. முழு எடையும் அந்த ஒரு பிடியில் தொங்குகிறது. முன்கையை மாட்டும் வளையம் இல்லை. அந்தக் கையில் இன்னொரு பொருளைப் பிடிக்க வழியே இல்லை. ஸ்கூட்டும் இருக்கும் வரை டிரியாரியின் ஈட்டி ஒரு கை ஈட்டியாகத்தான் இருக்க முடியும்.

இதற்கு எதிராக நிற்கும் ஒரு சான்றை மறைக்க விரும்பவில்லை. கிரேக்க மன்னன் பிர்ரஸோடு நடந்த போரைப் பற்றி எழுதும் வரலாற்றாசிரியர் ஹலிகர்னாசஸின் டியோனிசியஸ், குதிரைப்படை ஈட்டிகளை நடுவில் இரு கைகளாலும் பற்றி நெருங்கிப் போரிடுபவர்களையே ரோமானியர் பிரின்சிப்பேஸ் என்று அழைத்ததாகக் கூறுகிறார். அவர் எழுதியது அந்தப் போர் முடிந்து இரு நூற்றாண்டுகளுக்கும் மேல் கழிந்த பிறகு. ஆயினும் இவ்வளவு குறிப்பான ஒரு செய்தியை அவர் கற்பனையில் இருந்து எடுத்திருப்பார் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. கி.மு. 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரின்சிப்பேஸ் இன்னும் ஈட்டியே ஏந்தினார்கள் என்பதும், தேவைப்பட்டபோது கேடயத்தை விடுத்து இரு கைகளால் குத்தினார்கள் என்பதும் நடக்கக்கூடியதே. ஆனால் அந்தக் குறிப்பிலும் பிடி நடுவில்தான் இருக்கிறது. சரிசாவைப் போல் தண்டின் பின்பகுதியில் இரு கைகளையும் வைத்து முன்னால் மிக நீளமாக நீட்டும் முறை அங்கே இல்லை. நடுவில் பிடிக்கும் ஈட்டி மிக நீளமாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. இந்தச் சான்று இரு கைப் பிடிக்கு ஆதரவு தருகிறதே தவிர, மிக நீண்ட தண்டுக்கு ஆதரவு தரவில்லை.

நீண்ட தண்டுக்கு மரத்தின் இயல்பும் தடையாக நிற்கிறது. ஒரே தடிமன் கொண்ட தண்டை ஒரு முனையில் பிடித்து நீட்டினால், அது தன் எடையால் தாழும் அளவு நீளத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கூடும். 2.4 மீட்டரிலிருந்து 3.6 மீட்டருக்குப் போனால் நீளம் ஒன்றரை மடங்குதான். தாழ்வு ஏறத்தாழ ஐந்து மடங்கு. அதைத் தடுக்கத் தண்டைத் தடிக்கச் செய்தால் எடை ஒரு கைக்கு அடங்காமல் போகிறது. ரோமானியப் பேரரசில் மிக நீண்ட ஈட்டிகள் இருந்தன என்பது உண்மை. டிராஜன் காலத்தில் ஆலா உல்பியா கொந்தாரியோரும் என்னும் குதிரைப்பிரிவு நீண்ட கொந்துஸ் ஈட்டியின் பெயரையே தாங்கியது. அதைப் பிடிக்கக் குதிரைவீரன் இரு கைகளையும் கொடுத்தான், கேடயத்தை இழந்தான். காலாட்களில் இதே வழியை முயன்றவர் பேரரசர் காரகல்லா. அலெக்சாந்தர் மீது கொண்ட பற்றால் அவர் 16,000 மாசிடோனியரைக் கொண்டு ஓர் அணியை உருவாக்கி, பழைய கால நீண்ட ஈட்டியையும் வெண்கலக் கேடயத்தையும் ஆளிநார்த்துணிக் கவசத்தையும் கொடுத்ததாகக் காசியஸ் டியோ எழுதுகிறார். கவனிக்க வேண்டியது இதுதான்: நீண்ட ஈட்டியைக் கொண்டுவந்தபோது கேடயம், கவசம், தலைக்காப்பு எல்லாவற்றையும் அவர் மாற்ற வேண்டியிருந்தது. டிரியாரியின் கையில் ஸ்கூட்டுமையும் நீண்ட ஈட்டியையும் ஒருங்கே வைத்து வரையும் ஓவியங்கள் இதனால்தான் தவறாகின்றன.

மீதமுள்ளவை குட்டையும் நடுத்தரமும். இவ்விரண்டுக்கும் இடையிலான தேர்வே உண்மையான தேர்வு. வேறுபாடு பார்வைக்கு அரை மீட்டர்தான். ஆனால் வீரனின் கைக்கு முன்னால் எவ்வளவு நீள்கிறது என்பதே பொருட்படுத்த வேண்டிய அளவு. அதைத் தீர்மானிப்பது சமநிலைப் புள்ளி. 2.3 மீட்டர் நீளமும் 2.4 சென்டிமீட்டர் விட்டமும் கொண்ட ஆஷ் மரத்தண்டு ஏறத்தாழ 700 கிராம் இருக்கும். அதில் 200 கிராம் எடையுள்ள முனையைப் பொருத்தினால் மொத்த நீளம் சுமார் 2.45 மீட்டர் ஆகும். அடியில் பூண் எதுவும் இல்லையென்றால் சமநிலைப் புள்ளி அடியிலிருந்து 1.42 மீட்டரில் விழுகிறது. அங்கே பிடித்தால் கைக்கு முன்னால் 1.03 மீட்டர்தான் நீளும். அடியில் 80 கிராம் எடையுள்ள சிறு இரும்புப் பூண் சேர்த்தால் புள்ளி 1.30 மீட்டருக்குப் பின்வாங்குகிறது. கிரேக்க வழக்கப்படி 200 கிராம் எடையுள்ள கனத்த அடிமுனை சேர்த்தால் 1.16 மீட்டருக்கு வந்துவிடுகிறது. அதாவது தண்டின் நீளத்தை ஒரு விரலும் கூட்டாமல், அடியில் எடை சேர்த்த மாத்திரத்திலேயே முன்னால் நீளும் பகுதி 26 சென்டிமீட்டர் கூடுகிறது. குட்டை ஈட்டிக்கு இதே கணக்கைப் போட்டால், 1.9 மீட்டர் நீளத்தில் 80 கிராம் பூணோடு கைக்கு முன்னால் ஏறத்தாழ 88 சென்டிமீட்டர் மட்டுமே கிடைக்கிறது. அதே பூண் கொண்ட நடுத்தர ஈட்டியில் 1.15 மீட்டர். தண்டை வாங்கும்போது நீளத்தை அளப்பவர்கள் பூணின் எடையைக் கேட்பதே இல்லை. எனக்கு இது மிகப் பெரிய குறையாகத் தெரிகிறது, ஏனெனில் கையில் எடுத்ததும் ஈட்டி முன்னால் இழுக்கிறதா, அடங்கி நிற்கிறதா என்பதை முடிவு செய்வது அந்தச் சிறு இரும்புத் துண்டுதான்.

பூணின் அருமையை ரோமானியர்களே ஒரு கட்டத்தில் கற்றுக்கொண்டார்கள். பொலிபியஸ் தம் ஆறாம் நூலில் ரோமானியக் குதிரைப்படையின் பழைய ஆயுதங்களைப் பற்றிக் கூறும் பகுதியை நான் பலமுறை படித்ததுண்டு. ஆயுதத் தேர்வைப் பற்றி இவ்வளவு நேரடியாகப் பேசும் பண்டைய எழுத்து குறைவு. பழைய ஈட்டிகள் இரண்டு வகையில் பயனற்றவை என்கிறார். ஒன்று, அவை மெலிந்து வளைந்தன. குதிரையின் அசைவிலேயே தண்டு அதிர்ந்ததால் குறி வைக்க முடியவில்லை, முனை இலக்கில் படுவதற்கு முன்பே பெரும்பாலானவை ஒடிந்தன. மற்றொன்று, அவற்றின் அடியில் முனை இல்லை. எனவே முதல் குத்தோடு வேலை முடிந்தது, ஒடிந்தபின் மீதித் தண்டு எதற்கும் உதவவில்லை. கிரேக்கர் செய்த ஈட்டியோ விறைப்பாக நின்றதால் முதல் குத்தே குறி தவறாமல் விழுந்தது, முனை உடைந்தால் திருப்பிப் பிடித்து அடிமுனையால் குத்த முடிந்தது. ரோமானியர் இதைக் கண்டதும் ஏற்றுக்கொண்டார்கள் என்றும், பிறரிடம் நல்லதைக் கண்டால் எடுத்துக்கொள்வதில் அவர்களுக்கு நிகரில்லை என்றும் பொலிபியஸ் முடிக்கிறார். இந்தப் பகுதியில் நீளம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. விறைப்பும் அடிமுனையுமே பேசப்படுகின்றன. பயன்படுத்தியவர்கள் எதைக் குறையாகக் கண்டார்கள், எதை நிறையாகக் கண்டார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. காலாள் ஈட்டியைச் செய்பவரும் இதே இரண்டையே முதலில் பார்க்க வேண்டும்.

இனிப் பிடி. தோளுக்கு மேலே பிடிக்கும்போது கட்டைவிரல் அடிப்பக்கத்தை நோக்கி இருக்கும், முனை சற்றுக் கீழ்நோக்கிச் சாயும். குத்து கேடயத்தின் மேல்விளிம்பைத் தாண்டி எதிரியின் முகம், கழுத்து, தோள் ஆகியவற்றின் மீது இறங்கும். ஸ்கூட்டுமைத் துளியும் அசைக்க வேண்டியதில்லை என்பது இதன் பெரிய நன்மை. பின்னால் அடிப்பூண் மேல்நோக்கி எழுவதால் பின்வரிசை வீரனின் தலைக்கு மேலே போகிறது. குறைகளும் உண்டு: தோள் விரைவில் களைக்கிறது, மணிக்கட்டு முழுமையாக நீள முடியாததால் எட்டும் தூரம் ஓரளவு குறைகிறது, சமநிலைப் புள்ளியிலிருந்து சற்றுப் பின்னால் பிடித்தாலும் முனை தாழ்ந்துவிடுகிறது. இடுப்பருகே பிடிக்கும்போது கட்டைவிரல் முனையை நோக்கும், தண்டை முன்கையோடும் விலாவோடும் அணைத்துக்கொள்ளலாம், பின்னால் நகர்த்திப் பிடித்துக் கூடுதல் தூரம் எட்டலாம், நெடுநேரம் தாங்கலாம். ஆனால் ஸ்கூட்டுமின் வலது விளிம்பைச் சுற்றித்தான் குத்து வெளியேற வேண்டும். கேடயம் கொஞ்சம் திறந்துவிடுகிறது. முனை மேல்நோக்கிச் சாய்ந்தால் அடிப்பூண் பின்னால் நிற்பவனின் தொடையையோ வயிற்றையோ நோக்கி இறங்குகிறது. பிற்கால ரோமானியப் படைத்துறை எழுத்தாளர் வெகேத்தியுஸ் பக்கவாட்டில் ஒருவனுக்கு 3 அடியும், ஒரு வரிசைக்கும் அடுத்ததற்கும் இடையே 6 அடியும் ஒதுக்குகிறார். 6 அடி இடைவெளியில் கைக்குப் பின்னால் 1.3 மீட்டர் நீளும் தண்டு கூடப் பெரிய தொல்லை தராது. அந்த இடைவெளி பாதியாகச் சுருங்கினால் தாழ்ந்த பிடி ஆபத்தாகிவிடும்.

சிற்பங்களும் ஓவியங்களும் இதில் முழுத் தீர்ப்பு வழங்குவதில்லை. வெய்யி நகருக்கருகே கிடைத்த, கி.மு. 640ஐ ஒட்டிய கிஜி குடுவை என்னும் கிரேக்க மட்கலத்தில் வீரர்கள் ஈட்டியைத் தோளுக்கு மேலே ஓங்கி நிற்கிறார்கள். ஆனால் அதே குடுவையின் ஓரத்தில் நிற்கும் ஈட்டிகளில் எறிவதற்கான வார்வளையங்கள் காணப்படுவதால், அந்த ஓங்கிய கைகள் குத்தத் தயாராகின்றனவா, எறியத் தயாராகின்றனவா என்பது விவாதத்துக்குரியது. ரோமானியக் குதிரைவீரர்களின் கல்லறைக் கற்களில் வீரன் ஈட்டியைத் தலைக்கு மேல் ஓங்கிக் கீழே விழுந்தவனைக் குத்துவது வழக்கமான காட்சி. குதிரை மேலிருந்து கீழே குத்துபவனைக் கொண்டு காலாளுக்கு விதி வகுக்க முடியாது. கி.பி. 113ஆம் ஆண்டு டிராஜன் தூணில் கைகள் ஓங்கியிருக்கின்றன, ஆனால் பெரும்பாலான ஈட்டிகள் கல்லில் செதுக்கப்படவில்லை, கைகள் வெறுமையாகவே உள்ளன. மேலும், ஓங்கிய கை சிற்பிக்கு வசதியானது: அது முகத்தை மறைப்பதில்லை, கேடயத்தையும் மறைப்பதில்லை. இந்தக் காரணத்துக்காகவே நான் சிற்பங்களை எழுத்துச் சான்றுக்கு அடுத்த இடத்தில் வைக்கிறேன்.

எழுத்துச் சான்றில் மிக மதிப்புள்ளது கி.மு. 340இல் லத்தீன் நகரங்களோடு நடந்த போரைப் பற்றி ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி எழுதுவது. டிரியாரிகள் தங்கள் கொடிகளின் கீழ் இடது காலை முன்னே நீட்டி மண்டியிட்டிருந்தார்கள்; கேடயங்களைத் தோளில் சாய்த்திருந்தார்கள்; ஈட்டிகளின் அடியை மண்ணில் ஊன்றி முனையைச் சாய்வாக உயர்த்தி, வேலியிட்ட கொத்தளம் போல வரிசை சிலிர்த்து நிற்குமாறு வைத்திருந்தார்கள் என்கிறார். பின்னர் அதே போரின் முடிவில், களைத்துப்போன லத்தீன் வீரர்களுக்கு எதிரே புதிய வலிமையோடு எழுந்து, எதிரிகளின் முகங்களை ஈட்டிகளால் குத்திக் கிழித்து, முதல் வரிசையின் சிறந்த வீரர்களை வீழ்த்தினார்கள் என்றும் எழுதுகிறார். லிவி அந்தப் போருக்கு மூன்று நூற்றாண்டுகள் பிந்தியவர், படைத்துறை அனுபவம் இல்லாதவர். ஆயினும் இந்த இரண்டு நிலைகளும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. ஒரே ஈட்டி, முதலில் மண்ணில் ஊன்றிய வேலி. பிறகு முகத்தை நோக்கிய குத்து. நாம் தேர்ந்தெடுக்கும் நீளம் இரண்டுக்கும் உதவ வேண்டும்.

ஊன்றிய நிலையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். வலது முழங்காலருகே அடியை ஊன்றி, தரையிலிருந்து 30 பாகை சாய்வில் பிடித்தால், 2.45 மீட்டர் ஈட்டியின் முனை 1.22 மீட்டர் உயரத்தில், ஊன்றிய இடத்திலிருந்து 2.12 மீட்டர் முன்னால் இருக்கும். இடது கால் முன்னே நீண்டு, கேடயம் முழங்காலிலிருந்து 70 சென்டிமீட்டர் முன்னே நின்றால், முனை கேடயத்துக்கு அப்பால் 1.4 மீட்டர் தாண்டி, நிற்கும் ஒருவனின் மார்புக்கு நேரே நிற்கிறது. 1.9 மீட்டர் ஈட்டியோ இதே சாய்வில் 95 சென்டிமீட்டர் உயரத்தில், கேடயத்துக்கு அப்பால் ஒரு மீட்டருக்குள்ளாகவே முடிந்துவிடுகிறது. 75 சென்டிமீட்டர் அலகு கொண்ட வாளைக் கையில் ஏந்தியவன் தன் தோளிலிருந்து ஏறத்தாழ 1.35 மீட்டர் எட்டுவான். அவனுடைய வாள் கேடயத்தைத் தொடுவதற்கு முன் அவன் மார்பு முனையைத் தொட வேண்டும் என்பதுதான் அந்த வேலியின் பயன். நடுத்தர ஈட்டி அதை நிறைவேற்றுகிறது, குட்டை ஈட்டி நிறைவேற்றவில்லை. சாய்வைக் கூட்டினால் உயரம் கூடும், முன்னீளம் இன்னும் குறையும். எனக்கு இந்த ஒரு கணக்கே குட்டை ஈட்டியை டிரியாரியின் கையிலிருந்து எடுத்துவிடப் போதுமானதாக இருக்கிறது.

எழுந்து குத்தும் நிலைக்கு வந்தால் பிடி மாற வேண்டியிருக்கிறது. ஊன்றிய ஈட்டியை இயல்பாகவே கட்டைவிரல் மேலே வருமாறு தாழ்ந்த பிடியில்தான் பிடிக்க முடியும். அங்கிருந்து எழும்போது அப்படியே மேல்நோக்கிய சாய்வில் முகத்தைக் குத்தலாம். அல்லது அடி இன்னும் மண்ணில் இருக்கும்போதே விரல்களைத் தளர்த்தி, கையைத் திருப்பி ஓங்கிய பிடிக்கு வரலாம். தண்டின் எடையைத் தரை தாங்கும் அந்த நொடியில் பிடியை மாற்றுவது எளிது. ஈட்டி முழுதும் கையில் தொங்கும்போது ஒரு கையால் மாற்றுவது சிரமம், நெருக்கத்தில் ஆபத்து. ஆகவே டிரியாரிக்கு ஒரே பிடிதான் உண்டு என்று வாதிடும் இரு தரப்பினரோடும் நான் உடன்படவில்லை. மண்டியிட்டபோது தாழ்ந்த பிடி. எழும் கணத்தில் எதிரி இன்னும் ஓரடி தள்ளியிருந்தால் அதே பிடியில் முதல் குத்து. கேடயங்கள் ஒன்றையொன்று தொடும் நெருக்கம் வந்துவிட்டால் ஸ்கூட்டுமுக்கு மேலாக ஓங்கிய பிடி. இந்த வரிசையையே நான் தேர்ந்தெடுப்பேன். கால் வைப்பைப் பற்றி வெகேத்தியுஸ் சொல்வதும் இதற்குத் துணை: எறிவேல் வீசும்போது இடது காலும், வாளோடு நெருங்கும்போது வலது காலும் முன்னே இருக்க வேண்டும் என்கிறார். மண்டியிட்ட டிரியாரியின் இடது கால் ஏற்கெனவே முன்னே இருக்கிறது. ஈட்டிக்குப் பின்னால் உடலின் எடை முழுவதையும் கொடுக்க அது ஏற்ற நிலை.

குத்தீட்டி எதற்குச் சிறந்தது, எதற்கு அன்று என்பதை கி.மு. 223இல் வட இத்தாலியில் வாழ்ந்த இன்சுப்ரெஸ் கௌலர்களோடு நடந்த போர் காட்டுகிறது. கௌலர்களின் முதல் பாய்ச்சலே அஞ்சத்தக்கது என்பதை முந்தைய போர்களில் கண்டறிந்த படைத்தலைவர்கள், டிரியாரிகளின் ஈட்டிகளை வாங்கி முன்வரிசையினரிடம் கொடுத்தார்கள். கௌலர்கள் அந்த ஈட்டிகளை வெட்டி வெட்டித் தங்கள் நீண்ட வாள்களின் கூர்மையை இழந்தபின், ரோமானியர் ஈட்டிகளை விட்டு வாளோடு நெருங்கினார்கள். வாளை ஓங்கி வெட்ட இடமின்றிக் கௌலர்கள் சிக்கினார்கள் என்கிறார் பொலிபியஸ். ஈட்டி இங்கே எதிரியின் முதல் வேகத்தை வாங்கும் பொருளாகப் பயன்பட்டிருக்கிறது. கொல்லும் வேலையை வாள் செய்தது. இதற்கு வெட்டைத் தாங்கும் தடிமன் தண்டுக்கு வேண்டும், வாள்வீச்சின் எல்லையைத் தாண்டிய நீளம் வேண்டும், தேவை முடிந்ததும் கைவிட்டு வாளுக்கு மாறும் எளிமை வேண்டும். மூன்றாவது தேவை ஒரு கை ஈட்டிக்கு மட்டுமே பொருந்தும்.

எனவே கி.மு. 2ஆம் நூற்றாண்டு டிரியாரிக்கு என் தேர்வு 2.4 மீட்டர், ஆளின் உயரத்தைப் பொறுத்து ஒரு சாண் கூட்டலாம் அல்லது குறைக்கலாம். பூண் கட்டாயம் வேண்டும், மண்ணில் இறங்கும் கூர்மையோடு, 100 கிராமுக்குக் குறையாமல். மிகக் கனத்த கிரேக்க வகை அடிமுனையை நான் பரிந்துரைக்கவில்லை. அது முன்னீளத்தைக் கூட்டுவது உண்மைதான் என்றாலும், மொத்த எடை ஒரு கிலோவைத் தாண்டும்போது ஓங்கிய பிடியில் தோளின் களைப்பு அந்த நன்மையை விழுங்கிவிடுகிறது.

குட்டை ஈட்டிக்கும் ரோமானியப் படையில் உரிய இடம் இருந்தது, அது பேரரசுக் காலத் துணைப்படையினரின் கையில். பிரித்தானியத் தலைவன் கரட்டாகஸோடு நடந்த கடைசிப் போரில் பிரித்தானியர்கள் ஒருபுறம் லெகியன்களின் வாளுக்கும் பிலுமுக்கும், மறுபுறம் துணைப்படையினரின் நீள்வாளுக்கும் ஹஸ்தாவுக்கும் இடையே அகப்பட்டார்கள் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் தாசிட்டஸ் எழுதுகிறார். ரைன் நதிக்கரையில் பணியாற்றிய டெல்மாத்தியப் பிரிவைச் சேர்ந்த அன்னாயியுஸின் கல்லறைக் கல்லில் அவன் வலக்கையில் இரண்டு ஈட்டிகளைப் பிடித்து நிற்கிறான். இரண்டைச் சுமப்பவன் ஒன்றையாவது எறியப்போகிறான், 2.4 மீட்டரில் இரண்டைச் சுமப்பதும், அவற்றில் ஒன்றை எறிவதும் நடைமுறைக்கு ஒவ்வாதவை. துணைப்படை வீரனை உருவாக்க விரும்புபவர் 1.9 மீட்டரை எடுத்துக்கொள்ளட்டும். பூணைச் சிறியதாக வைத்துச் சமநிலைப் புள்ளியை நடுவுக்குச் சற்று முன்னே விடுவது அங்கே குறையாகாது, எறிவதற்கு அதுவே வேண்டும்.

கி.பி. 135 அளவில் கப்படோக்கியாவின் ஆளுநராக இருந்த அர்ரியன் அலானியக் குதிரைப்படைக்கு எதிராக வகுத்த அணியும் இங்கே நினைவில் கொள்ளத்தக்கது. லெகியன் வீரர்களை எட்டு வரிசை ஆழத்தில் நெருக்கமாக நிறுத்தினார். முன் நான்கு வரிசைகளுக்கு மெல்லிய நீண்ட இரும்புமுனை கொண்ட ஈட்டிகள். முதல் வரிசை அவற்றைக் குதிரைகளின் மார்புக்கு நேரே நீட்டிப் பிடிக்க வேண்டும், பின்னிருப்பவர்கள் எறிய வேண்டும் என்பது கட்டளை. அந்த இரும்புமுனை பிலுமையே குறிக்கிறது என்பவர்கள் பலர். நானும் அப்படியே எண்ணுகிறேன். 2 மீட்டர் அளவுள்ள ஓர் எறிவேலைக் குதிரைக்கு எதிரே நீட்டிப் பிடித்துக் குத்தீட்டியாகப் பயன்படுத்தினார் என்றால், அவருக்குக் கிடைத்த ஆயுதத்தை வைத்துச் செய்ததே தவிர அதுவே உகந்த நீளம் என்பதற்காகச் செய்ததன்று. டிரியாரியின் ஹஸ்தா அப்போது லெகியனின் கையில் இல்லை. தோளோடு தோள் சேர்த்துக் கேடயங்களை நெருக்கி நிறுத்த வேண்டிய தேவை அதனால் இன்னும் கூடியது.

தண்டைச் செய்பவருக்கு மீதமிருப்பது மரம். ஆஷ் மரத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு ஆதாரம் உண்டு. டென்மார்க்கின் நிடாம் (Nydam) போன்ற சதுப்பு நிலங்களில் மட்காமல் கிடைத்த ஈட்டித்தண்டுகளில் ஆஷ் மிகுதி. பெரிய பலகையிலிருந்து இயந்திரத்தில் உருட்டிய தண்டில் நார் குறுக்கே ஓடி ஓரத்தில் வெளியேறும். வாள்வெட்டையோ அழுத்தத்தையோ வாங்கும்போது அந்த இடத்திலேயே பிளக்கும். அடிமரத்தை நார்வழியே பிளந்து செதுக்கிய தண்டு இந்தக் குறையிலிருந்து தப்பும். விட்டம் 2.4 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. முனையருகே 2 சென்டிமீட்டராக மெலிவித்தால் முன்பக்க எடை குறைந்து, பூணைக் கனமாக்காமலேயே சமநிலைப் புள்ளி சில விரற்கடை பின்வாங்கும். தண்டைத் தேவைக்கு ஒரு சாண் கூடுதலாக வைத்துக்கொண்டு, முனையையும் பூணையும் தற்காலிகமாகப் பொருத்தி, ஸ்கூட்டுமை இடக்கையில் ஏந்தி, மண்டியிட்டும் எழுந்தும் பார்த்த பிறகு அடிப்பக்கத்தில் அறுப்பது நல்லது. முனைப்பக்கம் அறுத்தால் மெலிவித்த பகுதி வீணாகும்.